பாறைத் துளைகளைக் கணினியில் கணக்கிடுவது எப்படி? ஸ்கேன் படத்திலிருந்து ஊடுருவுதிறன் வரை ஒரு முழு வழிகாட்டி

நிலத்தடி நீரும் எண்ணெயும் பூமிக்குள் ஏரி மாதிரி தேங்கி நிற்பதில்லை. மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் துகள்களுக்கு நடுவே இருக்கும் முடியளவு இடைவெளிகளில்தான் அவை இருக்கின்றன. கார்பன் டைஆக்சைடை ஆழத்தில் புதைத்தாலும், புவிவெப்பக் கிணற்றில் சுடுநீரைச் சுழற்றினாலும் எல்லாமே இந்த இடைவெளிகள் வழியாகத்தான் நடக்கிறது. எனவே ஒரு பாறையைப் பற்றி அடிப்படையாக மூன்று கேள்விகள் எழும். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது (துளைமை)? திரவம் எவ்வளவு எளிதாக நகரும் (ஊடுருவுதிறன்)? ஒலி அலையும் மின்சாரமும் அதற்குள் எப்படிப் போகும்?

ஆய்வகத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. பாதரசத்தைச் செலுத்துவது போன்ற சில சோதனைகளுக்குப் பிறகு அந்த மாதிரி வேறெதற்கும் உதவாது. கணினி வழியில் அந்தச் சிக்கல் இல்லை. பாறைத் துண்டை ஒருமுறை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்துவிட்டால், அதே படத்தின் மேல் எத்தனை சோதனை வேண்டுமானாலும் ஓட்டலாம். இந்தத் துறைக்கு டிஜிட்டல் பாறை இயற்பியல் என்று பெயர்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த வழிகாட்டி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. இங்கே தீர்க்கப்படும் சமன்பாடுகள் பழையவை, நன்கு புரிந்துகொள்ளப்பட்டவை. விடை தவறுவது பெரும்பாலும் அவற்றால் அல்ல. படத்தில் துளை எங்கே முடிகிறது, துகள் எங்கே தொடங்குகிறது என்று நாம் இழுக்கும் கோட்டால்தான் தவறுகிறது. அதோடு, ஒவ்வொரு பண்பும் துளையின் வெவ்வேறு பகுதியைச் சார்ந்தது. துளைமையைப் பெரிய அறைகள் தீர்மானிக்கின்றன, ஊடுருவுதிறனை அந்த அறைகளை இணைக்கும் குறுகிய கழுத்துகள் தீர்மானிக்கின்றன, ஒலி வேகத்தைத் துகளும் துகளும் தொடும் இடங்கள் தீர்மானிக்கின்றன. ஒரே படம் ஒன்றுக்குப் போதுமானதாகவும் இன்னொன்றுக்குப் போதாததாகவும் இருப்பது இதனால்தான்.

படி 1: எந்தப் பண்பு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்கேன் எடுத்த பிறகு யோசிக்கக் கூடாத விஷயம் இது. எக்ஸ் கதிரால் முப்பரிமாணப் படம் எடுக்கும் மைக்ரோ சிடி கருவியின் உணரியில் ஒரு வரிசைக்குச் சுமார் 2000 புள்ளிகள் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டை அதில் முழுதாக அடக்கினால் ஒரு வாக்செலின் அளவு, அதாவது முப்பரிமாணப் படத்தின் ஒரு சிறு கனசதுரத்தின் பக்கம், 2.5 மைக்ரான். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் துண்டைச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கினால் அது பாறையைப் பிரதிநிதித்துவப்படுத்தாமல் போகலாம். பரப்பும் நுணுக்கமும் ஒன்றையொன்று இழுக்கும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

நான் வைத்திருக்கும் அளவுகோல்: ஊடுருவுதிறன் வேண்டுமென்றால் திரவம் செல்லும் முக்கியமான கழுத்துகளின் குறுக்கே குறைந்தது 5 வாக்செல், முடிந்தால் 10 இருக்க வேண்டும். கழுத்து 20 மைக்ரான் என்றால் 2 முதல் 4 மைக்ரான் வாக்செல் சரி. அதே நேரத்தில் துண்டின் அகலம் துகள் விட்டத்தைப் போல் பத்து மடங்காவது வேண்டும். துகள் 250 மைக்ரான் என்றால் 2.5 மில்லிமீட்டர். நல்ல மணற்கல்லில் இரண்டு நிபந்தனைகளும் ஒரே ஸ்கேனில் நிறைவேறும். ஷேல் எனப்படும் களிப்பாறையில் நிறைவேறாது. அதன் துளைகள் நானோமீட்டர் அளவு என்பதால் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் அயனிக் கற்றையும் சேர்ந்த முறைக்குத்தான் போக வேண்டும். அதில் கிடைக்கும் கனஅளவோ மிகச் சிறியது.

சொந்த ஸ்கேன் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் போரஸ் மீடியா போர்ட்டலிலும் (முன்பு டிஜிட்டல் ராக்ஸ் போர்ட்டல்), லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தளத்திலும் ஸ்கேன் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர் பிரான்சின் ஃபோன்டேன்புளூ மணற்கல்லையோ, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துப் பெரியா மணற்கல்லையோ எடுத்துக்கொள்வது நல்லது. ஃபோன்டேன்புளூ ஏறக்குறைய முழுக்கக் குவார்ட்ஸ் என்பதால் களிமண் தொல்லை இல்லை. இரண்டு பாறைகளையும் பலர் அளந்திருக்கிறார்கள் என்பதால் உங்கள் விடையை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

படி 2: படத்தைச் சுத்தம் செய்தல்

மூலப்படம் சாம்பல் நிறத்தில் இருக்கும். எக்ஸ் கதிரை அதிகம் தடுத்த இடம் வெளுப்பாகவும், காற்று நிறைந்த துளை கருப்பாகவும் தெரியும். பைரைட் போன்ற கனமான கனிமங்கள் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.

முதலில் துண்டின் விளிம்பும் நடுவும் ஒரே பிரகாசத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆற்றல் குறைந்த கதிர்கள் விளிம்பிலேயே உறிஞ்சப்பட்டு விடுவதால், நடுப்பகுதி இருண்டும் விளிம்பு வெளுத்தும் தெரியும். இதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போனால் நடுவில் துளை அதிகம் இருப்பதாகக் கணினி நம்பிவிடும். அப்புறம் இரைச்சலை நீக்க வேண்டும். நடுமதிப்பு வடிகட்டி எளிது, ஆனால் குறுகிய கழுத்துகளை அது மழுக்கிவிடும். விளிம்புகளைக் காப்பாற்றும் நான்-லோக்கல் மீன்ஸ் வடிகட்டி மெதுவானது, ஆனாலும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் செய்யலாம். வடிகட்டி முடியும்வரை 16 பிட் படத்தை 8 பிட்டாகக் குறைக்காதீர்கள்.

படி 3: துளையையும் துகளையும் பிரித்தல்

இந்த வேலையில் உங்கள் நேரத்தில் பாதியைச் செலவிட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

எளிய வழி, ஒரு சாம்பல் அளவை வாசல் மதிப்பாக வைத்து, அதற்குக் கீழே உள்ளது துளை, மேலே உள்ளது துகள் என்று பிரிப்பது. அந்த வாசல் மதிப்பைத் தானாகக் கண்டுபிடிக்க 1979 இல் ஓட்சு முன்வைத்த முறை இன்றும் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. எந்தச் சாம்பல் அளவில் எத்தனை வாக்செல் என்று காட்டும் வரைபடத்தில் இரண்டு முகடுகள் தெளிவாகப் பிரிந்து நின்றால் அது நன்றாகவே வேலை செய்யும். பல பாறைகளில் அப்படி நிற்பதில்லை. ஒரு வாக்செலில் பாதி துளையும் பாதி துகளும் இருந்தால் அது இடைப்பட்ட சாம்பலாகத் தெரியும். களிமண் நிறைந்த இடமும் அதே சாம்பல்தான். கணினிக்கு இரண்டும் ஒன்றே.

இந்த ஒரு வாக்செல் தயக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் உருளைக் கழுத்தின் விட்டம் 4 வாக்செல். வாசல் மதிப்பை லேசாக நகர்த்தியதில் அது 5 ஆகிவிட்டது. குழாயில் ஓடும் அளவு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1.25 இன் நான்காம் அடுக்கு 2.44. அதாவது அந்தக் கழுத்தில் ஓட்டம் இரண்டரை மடங்கு கூடிவிட்டது. 60 வாக்செல் அகலமுள்ள பக்கத்து அறை 61 ஆனதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். துளைமை ஓரிரு சதவீதம் மாறினாலே ஊடுருவுதிறன் கணிசமாக மாறிவிடுவது இப்படித்தான்.

ஆகவே ஒற்றை வாசலை விட்டுவிட்டு இரண்டு வாசல் வைப்பது மேல். நிச்சயம் துளை என்று சொல்லக்கூடியதை ஒரு பக்கமும், நிச்சயம் துகள் என்று சொல்லக்கூடியதை இன்னொரு பக்கமும் குறித்துவிட்டு, நடுவில் உள்ள சந்தேகப் பகுதியைச் சாம்பல் சரிவின் அடிப்படையில் நிரப்ப விடுங்கள். வாட்டர்ஷெட் முறை செய்வது இதைத்தான். முதலில் குறித்த அந்த இரண்டு பகுதிகளும் விதைகளாக நின்று இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து, சரிவு மிகச் செங்குத்தான இடத்தில் சந்தித்து நின்றுகொள்ளும். எந்திரக் கற்றல் முறைகளும் இப்போது பரவலாகிவிட்டன. ஆனால் பயிற்சிக்காகக் கையால் வரைந்த எல்லைகள் எவ்வளவு சரியோ அவ்வளவுதான் அவையும் சரியாக இருக்கும். ஒரு பாறையில் பழக்கியதை இன்னொரு பாறையில் அப்படியே நம்பிப் பயன்படுத்த வேண்டாம்.

களிமண் அதிகமுள்ள மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இரண்டு வகை போதாது. துளை, துகள், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த இடைப்பகுதி என்று மூன்றாகப் பிரியுங்கள். அந்த மூன்றாவது பகுதிக்குள் எவ்வளவு துளை ஒளிந்திருக்கிறது என்று அறிய ஒரு நல்ல உத்தி உண்டு. துண்டை உலர்ந்த நிலையில் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு பொட்டாசியம் அயோடைடு போல எக்ஸ் கதிரை நன்றாகத் தடுக்கும் உப்புக் கரைசலில் ஊறவைத்து இன்னொருமுறை எடுங்கள். இரண்டையும் கழித்தால் திரவம் புகுந்த இடமெல்லாம் புகுந்த அளவுக்கு ஒளிரும்.

கடைசியாக, ஒரே விடையோடு நிற்காதீர்கள். வாசல் மதிப்பைச் சற்றே இறக்கி ஒன்று, ஏற்றி ஒன்று என மூன்று பிரிப்புகளைச் சேமித்து வைத்து, இனி வரும் எல்லாக் கணக்கையும் மூன்றிலும் ஓட்டுங்கள். 2013 இல் பல குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், ஒரே படத்தைக் கொடுத்தபோதே வெவ்வேறு குழுக்கள் பிரித்த துளைமைகள் ஒன்றாக இருக்கவில்லை. கை தேர்ந்தவர்களிடமே இந்த வேறுபாடு இருக்கும்போது, ஒற்றை எண்ணை மட்டும் தருவது நேர்மையாகாது.

படி 4: துளைமையும் இணைப்பும்

துளை வாக்செல்களை எண்ணி மொத்தத்தால் வகுத்தால் துளைமை வந்துவிடும். அதோடு நிற்காமல், முகத்தோடு முகம் ஒட்டிய துளை வாக்செல்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை போகும் குழு எது என்று பாருங்கள். ஓட்டம் நடப்பது அதில் மட்டுமே. தனித்து நிற்கும் குமிழ்களை ஓட்டக் கணக்குக்கு முன் நீக்கிவிட்டால் நினைவகமும் மிச்சம்.

ஆய்வகத்தில் ஹீலியம் வாயுவால் அளந்த துளைமை இருந்தால் ஒப்பிடுங்கள். ஹீலியம் படத்தில் தெரியாத நுண்துளைகளுக்குள்ளும் புகும், எனவே அதன் மதிப்பு சற்றுக் கூடுதலாக இருப்பதுதான் இயல்பு. உங்கள் மதிப்பு ஹீலியத்தை விட அதிகமாக வந்தால் வாசலைத் தாராளமாக வைத்துவிட்டீர்கள் என்று பொருள். ஆனால் இரண்டையும் பொருத்துவதற்காக வாசலை நகர்த்தாதீர்கள். நுண்துளைகளில் விடுபட்டதை ஈடுகட்டப் பெரிய துளைகளை ஊதிவிடுவதில்தான் அது முடியும், ஊடுருவுதிறன் தாறுமாறாகும்.

படி 5: எவ்வளவு பெரிய கனசதுரம் போதும்?

படத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து 100, 200, 300, 400 வாக்செல் பக்கமுள்ள கனசதுரங்களை வெட்டி, ஒவ்வொன்றுக்கும் துளைமையைக் கணக்கிட்டு வரைபடம் போடுங்கள். சிறிய கனசதுரங்களில் மதிப்புகள் சிதறிக் கிடக்கும், அளவு கூடக் கூட ஒரே கோட்டை நோக்கிக் குவியும். சிதறல் அடங்கும் அளவே அந்தப் பண்புக்கான பிரதிநிதிக் கனஅளவு. துளைமைக்கு அடங்கிய அளவில் ஊடுருவுதிறன் இன்னும் அடங்கியிருக்காது, அதற்குத் தனியாகப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கியும் அடங்காத சுண்ணாம்புக்கற்கள் உண்டு. அங்கே ஒரே ஸ்கேனை வைத்து முழுப் பாறைக்கும் பதில் சொல்ல முடியாது.

படி 6: ஊடுருவுதிறன்

1856 இல் ஹென்றி டார்சி பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீர்த் திட்டத்துக்காக மணல் நிரப்பிய குழாயில் செய்த சோதனைகளிலிருந்து வந்தது இந்த அளவு. ஓட்ட வேகம் அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதம், பாகுநிலைக்கு எதிர்விகிதம். நடுவில் நிற்கும் மாறிலிதான் ஊடுருவுதிறன். அதன் அலகு பரப்பளவின் அலகு, 1 டார்சி என்பது 0.987 சதுர மைக்ரான். மனதில் வைத்துக்கொள்ள, ஏறக்குறைய ஒரு சதுர மைக்ரான்.

நிலத்தடியில் திரவம் மிக மெதுவாக நகரும். ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் என்ற தாராளமான வேகத்தில், 20 மைக்ரான் கழுத்தில் நீரின் ரெனால்ட்ஸ் எண், அதாவது ஓட்டம் கொந்தளிக்குமா என்று காட்டும் எண், சுமார் 0.0002 தான். எனவே சுழலும் கொந்தளிப்பும் கிடையாது. திரவ ஓட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டின் எளிய வடிவமான ஸ்டோக்ஸ் சமன்பாடு போதும். ஒரு பக்கத்தில் அழுத்தம் கொடுத்து, துகள் சுவரில் வேகம் பூஜ்யம் என்று வைத்து, நிலையான ஓட்டத்தைக் கண்டுபிடித்து, சராசரி வேகத்தை டார்சி விதியில் போட்டால் விடை வந்துவிடும்.

தீர்க்கும் முறைகள் பல. ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருளில் வரையறுத்த கனஅளவு முறை இருக்கிறது. ஆனால் துளை வடிவத்துக்கேற்ப வலை அமைப்பது பெரும் வேலை. வாக்செல் படத்தின் மேல் நேரடியாக ஓடும் லாட்டிஸ் போல்ட்ஸ்மான் முறைதான் இத்துறையில் மிகவும் புழங்குவது. ஒவ்வொரு துளை வாக்செலிலும் 19 திசைகளில் நகரும் திரவத் துகள்களின் தொகைகளை வைத்துக்கொண்டு, நகர்த்து, மோதவிடு, சுவரில் பட்டால் திருப்பி அனுப்பு என்று மீண்டும் மீண்டும் செய்வதுதான் அது. பலாபோஸ் என்ற திறமூல மென்பொருளில் இது தயாராகவே இருக்கிறது.

இதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. ஒற்றைத் தளர்வு நேரம் (மோதிய தொகைகள் சமநிலைக்குத் திரும்பும் நேரம்) கொண்ட எளிய வடிவத்தில், சுவர் எங்கே இருப்பதாகக் கணக்கு எடுத்துக்கொள்கிறது என்பது நீங்கள் வைக்கும் பாகுநிலையைப் பொறுத்து நகரும். விளைவாக, பாகுநிலையை மாற்றினால் ஊடுருவுதிறனும் மாறும்! ஊடுருவுதிறன் பாறையின் பண்பு, திரவத்தின் பண்பல்ல. அது மாறவே கூடாது. இரட்டைத் தளர்வு நேர வடிவத்தைப் பயன்படுத்தி, அதில் மாய எண் என்று சொல்லப்படும் அளவை 3/16 ஆக வைத்தால், இணைத் தகடுகளுக்கு நடுவே ஓடும் ஓட்டத்தில் சுவர் சரியாக இரு வாக்செல்களுக்கு நடுவே நிற்கும். கழுத்துகள் சில வாக்செல் அகலமே உள்ள பாறையில் இது சின்ன விஷயம் அல்ல.

பாறைக்குள் இறங்கும் முன் நிரலைச் சோதியுங்கள். இரண்டு இணைத் தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியின் ஊடுருவுதிறன் இடைவெளியின் இருமடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, உருளைக் குழாய்க்கு ஆரத்தின் இருமடியில் எட்டில் ஒரு பங்கு. 4, 8, 16 வாக்செல் அகலங்களில் இவற்றை ஓட்டி, பிழை எப்படிக் குறைகிறது என்று குறித்துவையுங்கள். உங்கள் பாறையின் கழுத்து 4 வாக்செல்தான் என்றால் எவ்வளவு பிழை வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நினைவகக் கணக்கையும் முன்பே போடுங்கள். 1000 வாக்செல் பக்கமுள்ள கனசதுரத்தில் 100 கோடி வாக்செல்கள். ஒவ்வொன்றுக்கும் 19 எண்கள், ஓர் எண்ணுக்கு 8 பைட் என்றால் 152 ஜிகாபைட். துளை வாக்செல்களுக்கு மட்டும் இடம் ஒதுக்கினால், துளைமை 20 சதவீதமுள்ள பாறையில் இது 30 ஜிகாபைட்டாகச் சுருங்கும்.

நிரல் தரும் விடை வாக்செல் அலகில் இருக்கும். உண்மை அலகுக்கு மாற்ற, வாக்செல் அளவின் இருமடியால் பெருக்குங்கள். விடை 0.05, வாக்செல் 5 மைக்ரான் என்றால் 0.05 பெருக்கல் 25, அதாவது 1.25 சதுர மைக்ரான். ஏறக்குறைய 1.27 டார்சி. மூன்று திசைகளிலும் தனித்தனியாக ஓட்டுங்கள். அடுக்கடுக்காகப் படிந்த பாறைகளில் கிடைமட்ட மதிப்பும் செங்குத்து மதிப்பும் வேறாக இருக்கும்.

கோசெனி-கார்மன் சூத்திரம் 1927, 1937 ஆண்டுகளின் வேலை. விடை சரியான பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க இன்றும் உதவும். துளைமையின் மும்மடியைத் துகள் விட்டத்தின் இருமடியால் பெருக்கி, திடப்பங்கின் (ஒன்றிலிருந்து துளைமையைக் கழித்தது) இருமடியை 180 ஆல் பெருக்கி, அதனால் வகுக்க வேண்டும். துளைமை 0.2, துகள் 250 மைக்ரான் என்றால் சுமார் 4.4 டார்சி வரும். சிமென்ட் படிந்து கழுத்துகள் அடைபட்ட உண்மையான மணற்கல்லில் இதைவிடக் குறைவாக எதிர்பாருங்கள். உங்கள் விடை இதைப் போல் பத்து மடங்கு என்றால் பிரிப்புக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

முழுக் கணக்குக்கு வசதி இல்லாதவர்கள் துளை வலையமைப்பு முறையை எடுத்துக்கொள்ளலாம். அறைகளைக் கணுக்களாகவும் கழுத்துகளைக் குழாய்களாகவும் சுருக்கும் இந்த யோசனையை 1956 இல் இர்விங் ஃபாட் முன்வைத்தார். போர்ஸ்பை என்ற மென்பொருள் படத்திலிருந்து வலையமைப்பை எடுத்துத் தரும், ஓப்பன்பிஎன்எம் என்ற மென்பொருள் அதில் ஓட்டத்தைக் கணக்கிடும். சாதாரண மடிக்கணினியில் சில நிமிட வேலை. துல்லியம் குறைவுதான், ஆனால் பத்து மாதிரிகளை ஒப்பிட வேண்டிய இடத்தில் இதுவே நடைமுறைக்கு ஏற்றது.

படி 7: மின்தடை

இது எளிது. துகள்கள் மின்சாரத்தைக் கடத்தாதவை, துளையில் உள்ள உப்புநீர் கடத்தும் என்று வைத்து, மின்னழுத்தம் பரவுவதைச் சொல்லும் லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்த்தால் போதும். உப்புநீர் நிறைந்த பாறையின் மின்தடை எண், வெறும் உப்புநீரின் மின்தடை எண்ணைப் போல் எத்தனை மடங்கு என்பதே உருவாக்கக் காரணி. 1942 இல் ஆர்ச்சி காட்டியபடி இது துளைமையின் எதிர் அடுக்கில் மாறும். அடுக்கு 2 என்றால் 20 சதவீதத் துளைமைக்கு 25, அடுக்கு 1.8 என்றால் சுமார் 18. களிமண் பரப்பில் தனியாக மின்சாரம் கடத்தப்படும் பாறைகளுக்கு இந்த எளிய மாதிரி பொருந்தாது.

படி 8: மீள்தன்மையும் ஒலி வேகமும்

பூமியின் மேலிருந்து அதிர்வலை அனுப்பி ஆழத்தைப் படிப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். குவார்ட்ஸின் பருமக்குணகம் (எல்லாப் பக்கமும் அமுக்கும்போது காட்டும் எதிர்ப்பு) 37 ஜிகாபாஸ்கல், விறைப்புக்குணகம் (வடிவம் சாய்வதற்குக் காட்டும் எதிர்ப்பு) 44 ஜிகாபாஸ்கல் என்று துகள் வாக்செல்களுக்குக் கொடுத்து, துளைக்குப் பூஜ்யம் கொடுத்து, கனசதுரத்தை லேசாக அமுக்கினால் ஏற்படும் தகைவைக் கணக்கிட வேண்டும். வரையறுத்த உறுப்பு முறையிலும் செய்யலாம், 1990களில் மூலினெக்கும் சுகேவும் உருவாக்கிய ஃபூரியர் முறையிலும் செய்யலாம். பின்னது வாக்செல் படங்களுக்கு இயல்பாகப் பொருந்தும். ஆனால் வெற்றுத் துளைகள் இருந்தால் அதன் எளிய வடிவம் குவியாமல் திணறும், மேம்படுத்திய வடிவத்தைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

வரும் விடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 1963 இல் ஹாஷினும் ஷ்ட்ரிக்மானும் தந்த எல்லையின்படி, 20 சதவீதத் துளையுள்ள உலர்ந்த குவார்ட்ஸ் பாறையின் பருமக்குணகம் சுமார் 26 ஜிகாபாஸ்கலைத் தாண்ட முடியாது. தாண்டினால் நிரலில் பிழை.

தாண்டாவிட்டாலும், ஆய்வக மதிப்பை விடக் கூடுதலாகவே வரும். உண்மையில் இரண்டு துகள்கள் தொடும் இடத்தில் மெல்லிய பிளவும் களிமண் பூச்சும் இருக்கும், அவை வாக்செலை விட மிக மெல்லியவை. படத்தில் அந்தத் துகள்கள் இரண்டும் ஒட்டி ஒரே கல்லாகத் தெரிகின்றன. அதனால் கணினியின் பாறை உண்மைப் பாறையை விட விறைப்பாகிவிடுகிறது. துளைமையும் ஊடுருவுதிறனும் சரியாகப் பொருந்திய படத்தில்கூட இது நடக்கும். துகள்களைத் தனித்தனியாகப் பிரித்து, தொடும் இடங்களில் உள்ள வாக்செல்களுக்கு மட்டும் குறைந்த குணகம் கொடுப்பது ஒரு தீர்வு. எவ்வளவு குறைவு என்பதை ஆய்வகத்தில் அளந்த ஒலி வேகத்தைக் கொண்டுதான் நிர்ணயிக்க வேண்டும். அப்படி நிர்ணயித்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உலர்ந்த பாறைக்கு விடை கிடைத்துவிட்டால், திரவம் நிரம்பிய நிலைக்கு மீண்டும் பெரிய கணக்கு தேவையில்லை. காஸ்மான் 1951 இல் தந்த சமன்பாடு போதும். உலர்ந்த பருமக்குணகம் 15, விறைப்புக்குணகம் 15 ஜிகாபாஸ்கல், துளைமை 20 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். நீரின் குணகம் 2.25. நீர் நிறைந்ததும் பருமக்குணகம் 18.55 ஆக ஏறும், விறைப்புக்குணகம் மாறாது. அடர்த்தியோ கன மீட்டருக்கு 2120 இலிருந்து 2320 கிலோவாகும். நெட்டலை வேகம் வினாடிக்கு 4063 மீட்டரிலிருந்து 4076 ஆகிறது, கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. குறுக்கலை வேகம் 2660 இலிருந்து 2543 ஆக இறங்குகிறது. விறைப்பான பாறையில் திரவத்தை ஒலி வேகத்தால் மட்டும் அடையாளம் காண்பது எவ்வளவு கடினம் என்பது இந்த நான்கு எண்களிலேயே தெரியும்.

படி 9: இரண்டு திரவங்கள் சேர்ந்தால்

எண்ணெயும் நீரும், அல்லது கார்பன் டைஆக்சைடும் உப்புநீரும் ஒரே துளையில் இருக்கும்போது பரப்பு இழுவிசை ஆட்சிக்கு வருகிறது. மெதுவான நகர்வுக்கு எளிய மாதிரி போதும்: ஒவ்வொரு அடியிலும், புகுவதற்கு மிகக் குறைந்த அழுத்தம் கேட்கும் கழுத்து வழியாகவே புதிய திரவம் நுழையும். பாதரசச் சோதனையை இப்படியே கணினியில் செய்யலாம். பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.48 நியூட்டன், சேர்கோணம் (திரவம் துகள் சுவரைத் தொடும் கோணம்) 140 பாகை என்றால், 1 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் பாதரசம் 0.74 மைக்ரான் ஆரமுள்ள கழுத்து வரை புகும். ஆய்வகப் பாதரச வளைவு கையில் இருந்தால், உங்கள் படம் எந்தக் கழுத்து அளவுக்குக் கீழே குருடாகிறது என்று இதிலேயே கண்டுபிடித்துவிடலாம். பாதரசத்தைத் தவிர மற்ற திரவங்களுக்குச் சேர்கோணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் உண்மையான சிக்கல். சுத்தமான கண்ணாடியின் மேல் அளந்த கோணம், ஆழத்தில் எண்ணெயோடு காலங்காலமாகக் கிடந்த துகளுக்குப் பொருந்தாது.

படி 10: சில மில்லிமீட்டரிலிருந்து கிலோமீட்டருக்கு

ஸ்கேன் செய்தது தரைமட்ட அழுத்தத்தில். ஆழத்தில் மேலுள்ள பாறையின் சுமை கிலோமீட்டருக்குச் சுமார் 23 மெகாபாஸ்கல் கூடும். துளைத் திரவத்தின் அழுத்தம் அதில் ஒரு பகுதியைத் தாங்கினாலும், துண்டை மேலே கொண்டுவந்தபோது திறந்துகொண்ட நுண்பிளவுகள் கீழே மூடியிருக்கும். பெரிய துளைகள் கொண்ட மணற்கல்லின் ஊடுருவுதிறனை இது அதிகம் பாதிக்காது. ஒலி வேகத்தையும், இறுகிய பாறைகளின் ஊடுருவுதிறனையும் நிச்சயம் பாதிக்கும்.

பல துண்டுகளின் மதிப்புகளை ஒன்றாக்கும்போது திசையை மறக்காதீர்கள். ஒரே தடிமனுள்ள இரண்டு அடுக்குகள், ஒன்று 1000 மில்லிடார்சி, மற்றது 1 மில்லிடார்சி. அடுக்குகளின் நெடுகே ஓடினால் கூட்டுச் சராசரி, 500.5. குறுக்கே ஓடினால் இசைச் சராசரி, வெறும் 2 மில்லிடார்சி. ஒரு மெல்லிய களிப்பாறை அடுக்கு கார்பன் டைஆக்சைடை மேலே ஏற விடாமல் பிடித்துவைக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். வடகடலில் ஸ்லைப்னர் என்ற கார்பன் டைஆக்சைடு புதைக்கும் திட்டத்தில் 1996 முதல் யுட்சீரா மணற்படிவத்துக்குள் வாயுவைச் செலுத்தியபோது, அதிர்வலைப் படங்களில் அது மெல்லிய களிப்பாறை அடுக்குகளுக்குக் கீழே தட்டுத் தட்டாகப் பரவியிருப்பது தெரிந்தது.

முடித்த கணக்கை யாருக்காவது கொடுக்கும்போது, எண்ணோடு சேர்த்து இவற்றையும் எழுதுங்கள்: வாக்செல் அளவு, கனசதுரத்தின் பக்கம், பயன்படுத்திய வடிகட்டி, வாசல் மதிப்பு, மூன்று பிரிப்புகளிலும் வந்த மூன்று விடைகள், ஓட்டத்தின் திசை, எல்லை நிபந்தனை, முக்கியக் கழுத்துகளின் குறுக்கே இருந்த வாக்செல்களின் எண்ணிக்கை. இவை இருந்தால் மூலப்படத்திலிருந்து இன்னொருவர் அதே விடைக்கு வந்துசேர முடியும், வராவிட்டால் எந்தப் படியில் விலகினார் என்று கண்டுபிடிக்கவும் முடியும்.